ஸ்டிக்கரில் வளர்ந்த குதிரைகள்

அமெரிக்காவில் விற்கும் புல்வெட்டும் இயந்திரங்களில் ஒரே வார்ப்பும் ஒரே கன அளவும் (பிஸ்டன் ஓரோட்டத்தில் கடக்கும் இடத்தின் அளவு) கொண்ட இரு சிறு எஞ்சின்கள் வெவ்வேறு குதிரைத்திறன் ஸ்டிக்கர்களைத் தாங்கி நிற்பதற்கு நேர்மையான காரணங்களும் உண்டு; திறன் என்பது முறுக்குவிசையும் சுழல்வேகமும் சேர்ந்த பெருக்கற்பலன் ஆதலால், கார்புரேட்டரின் துளை மாறினாலோ, வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் வேறு வரம்பில் அமைக்கப்பட்டாலோ அதுவும் மாறத்தான் செய்யும்.

நேர்மை தளரும் இடம் ஆய்வகம். ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் கழற்றி வைத்துவிட்டு, புல்தரை பெரும்பாலும் கேட்காத நிமிடத்திற்கு 3,600 சுழற்சியில் எஞ்சினை ஓட்டி அளப்பதற்கு 'மொத்தத் திறன்' என்று பெயர். வண்டியில் பூட்டாமல் ஓடவிட்ட மாட்டின் வேகத்தைச் சொல்லிச் சந்தையில் விலைபேசும் தரகருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஒரு குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 746 வாட் என்று இயற்பியல் கறாராக வரையறுத்திருந்தும், விற்பனைப் பிரிவின் லாயத்தில் குதிரைகள் தீவனமின்றியே கொழுத்தன.

இதையொட்டி 2004இல் இல்லினாயில் தொடங்கிய வழக்கு, உற்பத்தியாளர்கள் தவறை ஒப்புக்கொள்ளாமலே 2010இல் மில்வாக்கி கூட்டாட்சி நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. தள்ளிச் செல்லும் இயந்திரம் வாங்கியவருக்கு அதிகபட்சம் 35 டாலர், ஏறி ஓட்டுவது வாங்கியவருக்கு 75 டாலர். காணாமற்போன குதிரைக்கு இது மலிவான ஈடுதான். இன்று பல சிறு எஞ்சின்களின் மேல் கன சென்டிமீட்டரும் முறுக்குவிசையும் அச்சிடப்பட்டுள்ளன, குதிரை இல்லை.