டிரைவர் தூங்கிவிட்டார்

2015 டிசம்பர் 22, விடிகாலை. கொல்கத்தா விமான நிலையத்தில் ஏர் இந்தியாவின் ஏடிஆர் விமானம் ஒன்று, யாருக்கும் ஒரு தொந்தரவும் தராமல் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஜெட் ஏர்வேஸின் காலிப் பயணிகள் பஸ் நேரே வந்து அதன் மேல் மோதிச் செருகிக்கொண்டது. டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்றது செய்தி. காரணம் கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நிம்மதி.

2022 ஆகஸ்டில் டெல்லி. பாட்னாவுக்குக் கிளம்பவிருந்த இண்டிகோ விமானத்தின் மூக்குக்கு அடியில் கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனியின் கார் ஒன்று போய் நின்றது. முன்சக்கரத்தில் இடிக்காதது யார் செய்த புண்ணியமோ. டிரைவரை ஊதச் சொன்னார்கள், ஊதினார், மது இல்லை. கருவி வைத்துக் கேட்கக்கூடிய கேள்வி அதோடு தீர்ந்தது. ‘எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறாய்?’ என்று அளந்து காட்டும் கருவியை இன்னும் யாரும் வாங்கவில்லை. வாங்குவதென்றாலும் டெண்டர் விட்டு, இருப்பதிலேயே மலிவானதைத்தான் வாங்குவார்கள்.

2025 ஏப்ரல் 18, பெங்களூரு. இந்த முறை டெம்போ டிராவலர். நின்றுகொண்டிருந்த இண்டிகோ விமானத்துக்கு அடியில் புகுந்து கூரை நசுங்கியது. டிரைவர் அசந்துவிட்டாராம். நம் ஊர் டிரைவர்களுக்கு விமானத்தைக் கண்டாலே தூக்கம் வரும்போலிருக்கிறது. மருத்துவ உலகம் கவனிக்க வேண்டும்.

விமானியின் தூக்கத்துக்கு விதி இருக்கிறது. 2024இல் அதைத் திருத்தி, வாரத்துக்கு 48 மணி நேரத் தொடர் ஓய்வு என்று எழுதினார்கள். மிக நல்ல விதி. ஆனால் அது காக்பிட்டை விட்டுக் கீழே இறங்குவதில்லை. கீழே இருப்பவருக்கு காண்ட்ராக்டரின் டூட்டி சார்ட்தான் விதி, தலைவிதி எல்லாம்.

விமானம் வந்து நின்றதும் நடப்பதை ஜன்னல் சீட்காரர்கள் பார்த்திருப்பார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஒருவர் ஓடுவார், ஆரஞ்சுக் கூம்பு வைக்க இன்னொருவர். பெல்ட் லோடர் வயிற்றை நோக்கி வரும். கேட்டரிங் லாரி, எரிபொருள் லாரி, தண்ணீர் வண்டி, கழிவறையைக் காலி செய்யும் வண்டி, எல்லாம் ஒரே நேரத்தில் மொய்க்கும். சிக்கனக் கட்டண விமானம் என்றால் அரை மணிக்குள் எல்லாம் முடிந்து கிளம்பியாக வேண்டும். விமானத்தின் உடம்பில், எஞ்சின் ஓடுவதைச் சொல்லும் சிவப்பு விளக்கு மின்னுகிறவரை யாரும் கிட்டே போகக் கூடாது என்பது விதி. சீக்கிரம் அனுப்பு என்பது உத்தரவு. விதியை மீறினால் ஒருவேளை சாகலாம்; உத்தரவை மீறினால் அன்றைக்கே மெமோ. பத்து நிமிடம் தாமதமானால் உள்ளே உட்கார்ந்து கம்பெனியைத் திட்டிப் பதிவு போடுகிற நாமும் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

2022 டிசம்பர் 31, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி. டல்லாஸிலிருந்து வந்த எம்ப்ரேயர் விமானத்தில், தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும் துணை எஞ்சின் வேலை செய்யவில்லை. அந்தப் பழுதோடு பறக்க விதியில் இடமுண்டு, பறந்தது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்வரை எஞ்சின் ஓடும் என்று கீழே இருந்தவர்களைக் கூட்டி வைத்து முன்கூட்டியே சொன்னார்கள். துணை விமானி ஜன்னலைத் திறந்து, எஞ்சின் இன்னும் அணையவில்லை என்றார். சக ஊழியர் ஒருவர் கையை ஆட்டித் தள்ளிப் போகச் சொன்னார். அப்படியும் ஓர் ஊழியர் இடது எஞ்சினுக்கு முன்னால் நடந்தார். எஞ்சின் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, ஆகவே ஒருவருக்கும் பொறுப்பில்லை. தொழிலாளர் பாதுகாப்புத் துறை விசாரித்து அவருடைய கம்பெனிக்கு 15,625 டாலர் அபராதம் போட்டது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய். கருணையால் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அந்த வகைக் குற்றத்துக்குச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பே அதுதான்.

நம் மும்பையிலும் நடந்தது. கொல்கத்தா பஸ்ஸுக்கு ஆறு நாள் முன்னால், ஹைதராபாத் கிளம்பிய ஏர் இந்தியா விமானத்தைப் பின்னுக்குத் தள்ளி விடும் நேரத்தில், தரையில் நின்ற தொழில்நுட்ப ஊழியர் எஞ்சினுக்குள் போனார். பஸ்ஸின் படம் பலருக்கு நினைவிருக்கும். அவரை?

சிக்கனத்தின் மகிமையை முழுதாக அறிய சியாட்டிலுக்குப் போக வேண்டும். 2005 மே மாதம் அலாஸ்கா ஏர்லைன்ஸ் அங்கே தன் தரைப்பணியாளர் 472 பேரை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்த டிசம்பரில் புதிய ஆட்களில் ஒருவர் விமானத்தின் உடம்பில் வண்டியை உரசினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் விமானத்தின் தோல்தானே போகும். 26,000 அடி உயரத்தில் அது போனது. ஓர் அடி நீளத்துக்கு ஓட்டை, உள்ளே காற்றழுத்தம் இறங்கி ஆக்ஸிஜன் முகமூடிகள் தொங்கின. விமானி பத்திரமாகத் திரும்பி இறக்கினார். 472 பேரின் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை யாரும் திரும்பி இறக்கவில்லை.

உலக விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா 2022இல் ஒரு கணக்குப் போட்டது. இப்படியே போனால் தரையில் விமானங்களுக்கு ஏற்படும் சேதம் 2035இல் ஆண்டுக்கு 1,000 கோடி டாலரை நெருங்குமாம். அது தகரத்தின் கணக்கு. மருந்தும் அவர்களே சொன்னார்கள்: மோதும் முன் உணர்ந்து நிற்கும் வண்டிகள். வாங்கட்டும், நல்லதுதான். வண்டிக்குக் கண் வைக்கக் காசு புரளும். ஓட்டுகிறவர் கண்ணை மூட எட்டு மணி நேரம் கொடுக்கத்தான் கட்டுப்படியாகாது.

அவர் வேலையை விட்டுப் போகவும் மாட்டார். 2024 ஜூலை 16 அன்று மும்பை கலினாவில், அரசுக்குச் சொந்தமான ஏஐ ஏர்போர்ட் சர்வீசஸ் 2,216 தரைப்பணி இடங்களுக்கு ஆள் எடுத்தது. அடிப்படைப் படிப்பும் நல்ல உடல் வலுவும் போதும், சம்பளம் இருபதாயிரத்துச் சொச்சம், ஓவர்டைம் பார்த்தால் முப்பதாயிரத்தைத் தாண்டலாம். வந்தவர்கள் 25,000 பேருக்கு மேல். நெரிசலைச் சமாளிக்க முடியாமல் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி அனுப்பினார்கள். தூக்கத்தை விற்றுத்தான் அந்த ஓவர்டைம் பணத்தை வாங்க வேண்டும் என்பது அங்கே வந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவர் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்தால் கேட்டுக்கு வெளியே பத்துப் பேர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது காண்ட்ராக்டருக்கும் தெரியும்.