தொடக்கக் கோப்புக்கு ஒரு புகழ்மாலை

அடக்கமானவர்கள் உலகத்தில் அருகிவிட்டார்கள் என்று வருந்துகிறவர்கள் பேஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்புகளை ஒருமுறை தரிசிக்க வேண்டும். பெரும்பாலானவை பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, சாதாரணமாக எல்எஸ் அடித்தால் கண்ணில் படாமல், ஒதுங்கியே வாழ்கின்றன. செய்வதோ பெரிய காரியம். நாம் லாகின் செய்கிற ஒவ்வொரு முறையும் எந்த நிரலை எங்கே தேடுவது, எந்த ஜாவாவை எடுப்பது, எந்த மொழியில் பேசுவது என்பதையெல்லாம் நமக்காக முடிவு செய்துவிடுகின்றன. முடிவு செய்ததை நம்மிடம் சொல்வதில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டாத பெருந்தன்மை!

பாலசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே பழனி மலைத்தொடர் இருட்டிக் கிடக்க, கடல்கடந்த ஒரு நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் லினக்ஸை இரவில் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மெயின்ஃபிரேம் என்றதும், "அது எப்பவோ செத்துப்போச்சே" என்று துக்கம் விசாரிப்பவர்கள் உண்டு. சாகவில்லை. 1964இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தின் வாரிசுகள் இன்றும் வங்கிக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. 1999 டிசம்பரில் அந்தக் குடும்பத்துக்கு லினக்ஸும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் போப்லிங்கன் ஆய்வகத்தார் பார்த்த வேலை. அதன்பின் சில மாதங்களிலேயே டேவிட் பாய்ஸ் என்பவர், இசட்/விஎம் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளின் மூதாதையான விஎம்மின்கீழ், ஒரே இயந்திரத்தில் 41,400 லினக்ஸ்களை ஓட்டிக் காட்டினார். 41,400 லினக்ஸ் என்றால் இடிசி-புரொஃபைல் என்ற தொடக்கக் கோப்பும் 41,400. யாரும் திறந்து படிக்காத கோப்புகளை இவ்வளவு பெருந்தொகையாக ஒரே பெட்டிக்குள் சேர்த்துவைக்க அதற்கு முன் மனித குலத்தால் முடிந்ததில்லை.

முதலில் வரிசையைப் புகழ்ந்துவிடுகிறேன். பழனிக்கு முதல்முறை வருகிறவர்கூட அடிவாரத்தில் பூக்கட்டும் அம்மாவிடம் கேட்டால் போதும்: திருவாவினன்குடியில் கும்பிட்டுவிட்டுப் படியேறு, வழியில் இடும்பனைப் பார், உச்சியில் தண்டாயுதபாணி. எவ்வளவு சலிப்பான ஏற்பாடு! ஒருவருக்கும் சந்தேகம் வர வழியில்லை. பேஷ் இப்படி நம் அறிவைக் குறைத்து எடைபோடுவதில்லை. லாகின் ஷெல் என்றால் முதலில் இடிசி-புரொஃபைல். பிறகு வீட்டு அடைவில் பேஷ்-புரொஃபைல், பேஷ்-லாகின், புரொஃபைல் என்ற மூன்றில் எது முதலில் அகப்படுகிறதோ அது மட்டும்; மற்ற இரண்டின் பக்கம் திரும்பியும் பார்க்காது. லாகின் இல்லாமல் இன்னொரு டெர்மினல் திறந்தால் பேஷ்-ஆர்சி. ஸ்கிரிப்ட் ஓடினால் இவற்றில் எதுவுமே இல்லை. 'எஸ்யு' என்று ரூட் ஆனால் ஓர் உலகம். அதோடு ஒரு சிறு கோட்டைச் சேர்த்து அடித்தால் முற்றிலும் வேறோர் உலகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூவர் போட்டி. ஒருவர் புரொஃபைல் என்ற கோப்பில் ஆண்டுக்கணக்காக எல்லாவற்றையும் எழுதிவைத்திருப்பார். ஒருநாள் ஏதோ ஒரு மென்பொருளை நிறுவுவார். அந்த நிறுவி தன் பங்குக்கு ஒரே ஒரு வரியோடு பேஷ்-புரொஃபைல் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கிவிட்டுப் போகும். அன்றிலிருந்து பழைய புரொஃபைல் படிக்கப்படாது. பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது, அழவும் அழாது. பதவி போனதும் வாயைத் திறக்காமல் வீட்டோடு இருக்கிறவர்களை நாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்?

விருந்தோம்பலையும் சொல்ல வேண்டும். சில நிர்வாகிகள் பேஷ்-ஆர்சியில் வரவேற்பு வாசகம் எழுதிவைப்பார்கள். நட்சத்திரக் கோலம், சர்வரின் பெயர், "நல்வரவு". மனிதர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாத பரந்த மனம்: எஸ்சிபி வழியாகக் கோப்பு எடுக்க வரும் நிரலுக்கும் அதே வரவேற்பு கிடைக்கும். அது கோப்பின் முதல் எழுத்துகளை எதிர்பார்த்து நிற்கையில் கையில் நல்வரவைத் திணித்தால், "செய்தி மிக நீளம்" என்று முறையிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போகிறது. இரவு நேர நகலெடுப்பு நின்றுபோகிறது. விருந்தாளி சாப்பிடாமல் போனால் அது வீட்டுக்காரர் தப்பா?

நன்றி மறவாமையில் இந்தக் கோப்புகளுக்கு ஈடில்லை. நிரல்களைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலான பாத் மாறியைத் திறந்து பாருங்கள். நீக்கப்பட்ட ஜாவாவின் அடைவு, விற்கப்பட்ட மென்பொருளின் அடைவு, வேலையை விட்டுப் போனவரின் சொந்த ஸ்கிரிப்ட் அடைவு, எல்லாம் முன்னோர் வரிசை மாறாமல் நிற்கும். எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தான். 2011 முதல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததல்லவா, சி-டாக் உருவாக்கியது, அதில் பூட் மெனுவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. எதையும் கேட்டுவைக்கிற கெட்ட பழக்கம் அங்கேயே தொற்றியிருக்க வேண்டும்.

"அண்ணா, இந்த வரி எதுக்குங்ணா?"

"அது இருக்கட்டும். கைய வெக்காத."

"இந்த டைரக்டரியே இல்லைங்களே?"

"அதனாலதான் சொல்றேன்."

இந்த உரையாடல் நடக்காத சர்வர் அறை உலகில் எங்காவது இருக்கும் என்று நான் நம்பவில்லை.

நம் முன்னோர்களுக்கு இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மன் உதவியில் ஐ.பி.எம். 370/155 வந்தது. அந்தக் கால வழக்கப்படி துளையட்டைக் கட்டில் ஜே.சி.எல். அட்டைகளை மேலே அடுக்க வேண்டும்: வேலையின் பெயர் இது, ஓட்ட வேண்டிய நிரல் இது, அது படிக்கும் கோப்பு இது, எழுதும் கோப்பு இது என்று ஒவ்வொன்றையும் அச்சடித்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். தப்பு செய்தால் எந்த அட்டையில் தப்பு என்று தாளில் அச்சாகி வரும். ஒளிவுமறைவுக்கே இடமில்லாத வறட்டு வாழ்க்கை. தன் தேவையைத் தானே சுமந்துகொண்டு போன அந்த வேலைகளைவிட, வாசலில் யாரோ சட்டைப்பையில் போட்டுவிட்டதை எடுத்துச் செலவழிக்கும் இன்றைய நிரல்கள் எவ்வளவோ வசதியானவை.

இனி, இயந்திரம் விழிக்கும் அழகு. மெயின்ஃபிரேமில் பூட் செய்வதை ஐ.பி.எல். என்பார்கள், சேப்பாக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கர்னலை எங்கிருந்து எடுப்பது என்பதை ஜிப்பல் என்ற நிரல் வட்டில் எழுதிவைக்கும். கோப்பின் பெயரையல்ல, வட்டில் அது கிடக்கும் இடத்தையே குறித்துக்கொள்ளும் கறார் பேர்வழி. ஆகவே பாராமீட்டரை நீங்கள் ஆசையாகத் திருத்தினாலும் ஜிப்பலை மறுபடி ஓட்டாதவரை அது திருத்தமே அல்ல. சூசே லினக்ஸ் இன்னும் ஒரு படி மேல்: முதலில் ஒரு சின்ன லினக்ஸ் எழுந்து, அதற்குள் கிரப் மெனு ஓடி, அது தேர்ந்தெடுத்த பெரிய லினக்ஸ் பிறகு எழுகிறது. எழுப்பிவிடுவதற்கு ஓர் ஆளை எழுப்பிவிடும் மரியாதை.

வட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே புதிதாக ஒரு வட்டைக் கொடுத்தால் லினக்ஸ் பாய்ந்து பிடித்துக்கொள்ளாது. சிஐஓ-இக்னோர் பட்டியலில் அந்த முகவரி இருந்தால் வட்டு என்று ஒன்று வந்ததாகவே காட்டிக்கொள்ளாது. பட்டியலிலிருந்து எடுத்து, சிஎச்சிசிடபிள்யூடெவ் என்று அடித்தால் உடனே ஆன்லைன் ஆகும், எல்லோரும் கைதட்டுவார்கள், டிக்கெட்டை மூடுவார்கள். அந்தக் கட்டளை நிகழ்காலத்தில் மட்டும் வாழும் ஞானி; நிரந்தரமாக எழுதிவைக்க வேண்டுமானால் சிஎச்இசட்டெவ் என்ற வேறு கட்டளை. அதை யாரும் அடித்திருக்க மாட்டார்கள், ஆகவே அடுத்த ஐ.பி.எல்.லில் வட்டு இருக்காது. ஆனால் எந்த வட்டை எங்கே பொருத்துவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதன் பெயர் இருக்கும். பூட்டை நடத்தும் சிஸ்டம்டி அந்த வட்டுக்காக 90 விநாடி விழிமேல் விழிவைத்துக் காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இங்கேதான் மெயின்ஃபிரேமின் தனிச்சிறப்பு தெரியும். வீட்டுக் கணினியைத் தினம் இருமுறை பூட் செய்கிறோம். காலையில் எழுதிய தப்பு மாலையில் வெளியே வந்து அற்பாயுளில் முடிந்துவிடுகிறது. மெயின்ஃபிரேம் லினக்ஸ் விழுவதே இல்லை என்பது அதன் பெருமை, ஆண்டுக்கணக்கில் ஐ.பி.எல். இல்லாமல் ஓடும். அத்தனை காலத்தில் அத்தனை பேர் செய்த அரைகுறைத் திருத்தங்களும் வட்டியோடு வளர்ந்து, என்றோ ஒரு ஞாயிறு பின்னிரவில், ஒரே நேரத்தில் முதிர்கின்றன. எழுதியவர்கள் அதற்குள் பதவி உயர்வு பெற்றிருப்பார்கள். பொறுப்பில் இருப்பவன் புதுப் பையன்.

அவனுக்குக் கிடைக்கும் கருவியையும் பாருங்கள். நெட்வொர்க் எழவில்லை, ஆகவே எஸ்எஸ்எச் இல்லை. 3215 பாணி கன்சோல் ஒன்றுதான் கதி. வரிவரியாக மட்டும் பேசும். விஐ எடிட்டர் அங்கே ஓடாது. கன்ட்ரோல்-சி அழுத்த வேண்டுமானால் தொப்பிக்குறி போட்டு சி என்று எழுதி அனுப்ப வேண்டும். ரூட்டின் பேஷ்-ஆர்சியில் யாரோ ரசனையோடு அமைத்த ஏழு வண்ணப் பிராம்ப்ட், வண்ணமே அறியாத அந்தத் திரையில் அடைப்புக்குறியும் எண்ணுமாகக் கொட்டும். அதற்கு நடுவில் செட் கட்டளையால், கண்ணைக் கட்டிக்கொண்டு, எஃப்எஸ்டேப்பின் ஒரு வரியை மாற்ற வேண்டும். பயிற்சி வகுப்பில் இதெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா? கோப்புகள் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கின்றன.

எல்லாவற்றையும் சரிசெய்து சர்வர் எழுந்த பிறகுதான் அந்த மாபெரும் காவியம் தொடங்கும்: "கையால ஸ்டார்ட் பண்ணா ஓடுது, பூட்ல ஓட மாட்டேங்குது." கையால் தொடங்குகிறவர் லாகின் செய்திருக்கிறார், இடிசி-புரொஃபைலும் அவருடைய சொந்தக் கோப்பும் அவருக்கு பாத், லைப்ரரி வழி, டேட்டாபேஸின் வீடு எல்லாம் கொடுத்து அனுப்பியிருக்கின்றன. அவர் தொடங்கும் நிரல் அவற்றைச் சுவீகரித்துக்கொண்டு ஓடுகிறது. பூட் நேரத்தில் யாரும் லாகின் செய்வதில்லை. ஆகவே அங்கே அந்த நிரல் அநாதை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானுக்கும் இதே கதை. தீர்வும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ஐ.பி.எல். முடிந்ததும் ஓர் ஆள் லாகின் செய்து கையால் தொடங்க வேண்டும் என்று கைப்பட ஒரு குறிப்பு. தானியங்கி உலகில் ஒரு மனிதனுக்கு வேலை கொடுத்துக் காப்பாற்றும் இந்தக் கோப்புகளுக்கு எந்தத் தொழிற்சங்கமும் மாலை போடாதது அநியாயம்.

2010இல் வந்த சிஸ்டம்டி இந்த அழகைக் கெடுக்கப் பார்த்தது. என் சர்வீஸுக்கு இடிசி-புரொஃபைல் வேண்டாம். என்ன மாறி வேண்டுமோ அதை சர்வீஸ் கோப்பிலேயே பெயர் சொல்லி எழுது. எதற்குப் பின் எது ஓட வேண்டும் என்றும் எழுது என்று அது அதிகாரம் செய்கிறது. பழைய அட்டைக் கட்டுப் புத்தி. போதாக்குறைக்கு, பூட்டில் யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று பட்டியல் போட ஒரு கட்டளை வைத்து, அதற்கு 'பிளேம்' என்று வெளிப்படையாகவே பெயரும் வைத்திருக்கிறது. நாகரிகம் தெரியாதவர்கள். நல்லவேளையாக நம்மவர்கள் அதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்: சர்வீஸ் கோப்பில் ஒரே வரியில் 'பேஷை லாகின் ஷெல்லாகக் கூப்பிடு' என்று எழுதிவிட்டால், அத்தனை முன்னோர்களும் மறுபடி உள்ளே வந்துவிடுவார்கள்.

சோம்பல் அறியாத லினக்ஸ் ஒன்று முன்பு இருந்தது, அதையும் நினைவுகூர வேண்டும். ஆரம்ப நாட்களில் வேலை இல்லாத லினக்ஸ்கூட, வேலை வந்ததா என்று பார்க்க விநாடிக்கு 100 முறை விழித்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான லினக்ஸ்கள் இப்படிச் சும்மா விழித்துக்கொண்டே இருந்ததில் விலையுயர்ந்த பிராசசர் பொழுதுக்கும் தேய்ந்தது. தேவைப்பட்டால் மட்டும் விழி என்று பிறகு திருத்திவிட்டார்கள். பரவாயில்லை, கிரான் இருக்கிறது: ஒரே அச்சில் வார்த்த நூற்றுக்கணக்கான லினக்ஸ்களும், தொடக்கத்தில் வைத்த அதே நிமிடத்தில், ஒன்றுபோல் எழுந்து லாக் கோப்புகளைச் சுருட்டத் தொடங்கும் ஒற்றுமையை இன்றும் காணலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம் தள்ளி வைக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு ஒற்றுமையின் அருமை தெரியாது.

ஆகவே சர்வர் நிர்வாகப் பெருமக்களுக்குப் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு விண்ணப்பம். உங்கள் தொடக்கக் கோப்புகளைத் திறந்து படித்துவிடாதீர்கள். இல்லாத அடைவைச் சுட்டும் வரிகளை நீக்கிவிடாதீர்கள். ஒரு வரியைச் சேர்த்தால், யார் சேர்த்தது, எதற்கு, எந்தத் தேதியில் என்று மேலே எழுதிவைத்துவிடாதீர்கள். முக்கியமாக, திருத்தம் செய்த கையோடு, ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில், ஒரு சோதனை லினக்ஸிலாவது ஐ.பி.எல். செய்து பார்த்துவிடாதீர்கள். இவற்றையெல்லாம் நீங்கள் செய்ய ஆரம்பித்தால் எங்களைப் போன்ற இராத்திரி ஆட்களுக்கு வேலை இருக்காது.