ஆறு மாத அப்பா

சென்னை நங்கநல்லூரானாலும் கோவை சாயிபாபா காலனியானாலும், காலை நடைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட்டில் வரும் பெரியவரிடம் "எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டுவிடக் கூடாது. சொல்லிவிடுவார். பூங்காவின் முதல் சுற்றில் சர்க்கரை: சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், மூன்று மாத சராசரி. இரண்டாவது சுற்றில் ரத்த அழுத்தம். மூன்றாவது சுற்றில் ஸ்டென்ட், அதை வைத்த டாக்டர், அந்த டாக்டரின் பையன் எங்கே படிக்கிறான் என்பது வரை.

இவர்தான் ஆறு மாத அப்பா. வங்கியிலோ பொதுப்பணித் துறையிலோ மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோ மகளோ அமெரிக்காவில் எடிசனில் இருப்பார்கள், இல்லாவிட்டால் ஃப்ரீமான்டில். பாஸ்போர்ட்டில் 10 ஆண்டு விசா குத்தியிருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் போய் இறங்கும்போது குடியேற்ற அதிகாரி வழக்கமாகத் தருவது ஆறு மாதம்தான். ஏப்ரலில் போய் அக்டோபர் குளிருக்குள் திரும்பிவிட்டால், நவம்பரில் வங்கிக்கு நேரில் போய்த் தான் உயிரோடிருப்பதை நிரூபிக்கவும் தோதாக இருக்கும்.

ஊரில் அவருக்குக் காப்பீட்டுக்குப் பஞ்சமில்லை. மாநில அரசில் இருந்தவர் என்றால், 2022 ஜூலையில் வந்த திட்டத்துக்கு மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்தில் பிடித்தம். மத்திய அரசு என்றால் சிஜிஹெச்எஸ் அட்டை. வங்கிக்காரர் என்றால் ஒவ்வொரு நவம்பர் 1 அன்றும் புதுப்பிக்க வேண்டிய குரூப் பாலிசி. அதன் பிரீமியம் ஏறுவதைக் கண்டித்து அவர் வாட்ஸ்ஆப்பில் எழுதியவற்றை அச்சடித்தால் தலையணை தடிமனுக்கு வரும். சிக்கல் என்னவென்றால், இவற்றில் எதுவும் மீனம்பாக்கத்தில் அவரோடு விமானம் ஏறாது. விசாவுக்காவது பழவந்தாங்கலில் விசா பிள்ளையார் இருக்கிறார். இன்சூரன்ஸுக்குத் தனிச் சந்நிதி இன்னும் ஏற்படவில்லை.

போகிற தேசத்தைப் பொறுத்துச் சட்டமும் மாறும். ஷெங்கன் நாடுகளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்டாமல் விசாவே கிடையாது. கனடாவின் சூப்பர் விசாவுக்கு 1,00,000 கனடா டாலர், அதுவும் ஓராண்டுக்கு. பிரிட்டனில் அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். படுக்கையில் சேர்த்துக்கொண்டார்களோ, அந்த ஊர்க் கணக்கில் ஒன்றரை மடங்கு கட்டணம். அமெரிக்கா இதையெல்லாம் கேட்பதே இல்லை. சுற்றுலா விசாவுக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது. அவர்கள் பில்லை மட்டும் அனுப்புவார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் மகன் விசாரணையைத் தொடங்குகிறான்.

"அப்பா, உங்களுக்கு என்னென்ன வியாதி இருக்கு?"

"எனக்கா? ஒண்ணுமில்லையேப்பா."

"சுகர்?"

"அது கன்ட்ரோல்ல இருக்கு."

"பிபி?"

"அதுவும் கன்ட்ரோல்ல இருக்கு."

"ஸ்டென்ட் வச்சீங்களேப்பா!"

"வச்சதும்தான் சரியாயிடுச்சே. சரியானதை எப்படி வியாதின்னு எழுதறது?"

பூங்காவில் மூன்று சுற்றும் போதாத வியாதிகள், படிவத்தைக் கண்டதும் இப்படிப் பறந்துவிடும். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் திருப்பி அனுப்பியவர் இவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையின் தயவில் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் காப்பீட்டுக் கணக்கில் ஏற்கெனவே உள்ள நோய்தான் என்று மகன் சொன்னால், "அப்படிப் பார்த்தா வயசே ஒரு வியாதிதான்" என்பார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. 70 தாண்டினால் பல பாலிசிகளில் உச்சவரம்பு சுருங்கும், பிரீமியம் விரியும். 80-ல் இரண்டும் இன்னும் மோசம். நம் நாட்டில் வாங்கும் பயணக் காப்பீடுகள் பலவற்றில் 60 தாண்டியவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று உள்வரம்புகள் வேறு உண்டு. முகப்பில் 1,00,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எலும்பு முறிந்த பிறகுதான் உள்ளே பொடி எழுத்தைப் படிப்பார்கள்.

அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் விருந்தினர் பாலிசி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போகும். அவற்றில் பெரும்பாலானவை வாங்கும்போது உடல்நிலையைப் பற்றி மூச்சே விடுவதில்லை. வயது, தேதி, கிரெடிட் கார்டு, அவ்வளவுதான். "பாத்தியா, நம்ம மேல எவ்வளவு நம்பிக்கை!" என்று மனைவியிடம் பூரித்துப்போவார். இழப்பீடு கேட்கும்போதுதான் அவர்கள் பழைய மருத்துவக் குறிப்புகளை வரவழைப்பார்கள் என்பது மகனுக்குத் தெரியும். அவன் சொல்வதில்லை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம்.

பாலிசிப் பிரதியை அவர் காலை காப்பியோடு உரக்கப் படிப்பது அந்த வீட்டின் தனிச் சோதனை. "லக்கேஜ் தொலைஞ்சா இவ்வளவு, பல்வலிக்கு இவ்வளவு, உடலைத் தாயகம் கொண்டுவர இருபத்தஞ்சாயிரம் டாலர்..."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"இல்ல, உயிரோட திரும்பி வர்ற டிக்கெட்டைவிட இது ஜாஸ்தியா இருக்கேன்னு பார்த்தேன்."

பிறகு பெட்டி கட்டும் படலம். தன்னுடன் 90 நாள் அளவுக்கு மேல் மருந்து கொண்டுவர வேண்டாம் என்பது அமெரிக்க அரசு பயணிகளுக்குச் சொல்லும் யோசனை. ஆறு மாத அப்பா 180 நாளுக்கு வாங்குவார். தொலைந்தால் என்ன செய்வது என்று இன்னொரு 30 நாள். ஒரு பெட்டியில் முறுக்கு, பருப்புப் பொடி, மாத்திரை அட்டைகள், மருந்துச் சீட்டுகள், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். நோயே இல்லாத மனிதருக்குச் சுங்க அதிகாரி முன்னால் இவ்வளவு சாட்சியம் தேவையா என்று கேட்க ஆளில்லை.

போன பிறகு, விதி அவருக்கென்று வைத்திருக்கும் பிரிவு ஒன்று பாலிசியில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது. ஆனால் அதே நோய் திடீரென்று, முன்னறிகுறி இல்லாமல் தீவிரமானால் வரம்புக்கு உட்பட்டு உண்டு. இந்தச் சலுகைக்கும் பல திட்டங்களில் வயது வரம்பு இருக்கிறது. நிபந்தனை: 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். இதை எழுதியவர் தமிழ்நாட்டு அப்பாவைப் பார்த்ததே கிடையாது. நெஞ்சில் எரிச்சல் என்றால் இவர் முதலில் ஓம வாட்டர் குடிப்பார். ராத்திரி சுக்குக் கஷாயம். மறுநாள் மகனுக்கு ஆபீஸில் முக்கியமான மீட்டிங், சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் மருமகள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து 911-க்கு அடிக்கும்போது கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

அவசரப் பிரிவில் காப்பீடு இல்லை என்று யாரும் விரட்ட முடியாது. 1986-ல் வந்த சட்டப்படி, கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். அங்கே வரும் இளம் டாக்டர் கனிவாகக் கேட்கிறார், "ஏதாவது பழைய உடல்நலப் பிரச்சினை உண்டா?" சந்தேகமே வேண்டாம். மூன்று சுற்றும் நடந்துவிடும். சர்க்கரை எந்த வருடம் வந்தது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்டென்ட் வைத்த டாக்டரின் பையன் எங்கே படிக்கிறான். இப்படி அக்கறையாகக் கேட்டுக்கொள்ளும் ஆள் நங்கநல்லூரில் அகப்பட்டதில்லை. மகன் சுவரோரம் நின்று கண்ணால் ஜாடை காட்டுகிறான். டாக்டர் அத்தனையையும் தட்டச்சு செய்துகொள்கிறார். காப்பீட்டு நிறுவனம் கேட்கப்போகும் குறிப்பு அதுதான்.

பரிசோதித்துப் பார்த்தால் வெறும் வாயுத் தொல்லை. பில் மட்டும் வாயு அல்ல. மருத்துவமனைக்கு ஓர் உறை, டாக்டருக்குத் தனி உறை, எக்ஸ்ரேயைப் படித்தவருக்கு ஓர் உறை, ஆம்புலன்ஸுக்கு ஓர் உறை என்று வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் அவரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மகன் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்க, பழைய வங்கி மேலாளர் விழித்துக்கொள்கிறார். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில் வேண்டும் என்று கேட்டு வாங்கி, சிவப்புப் பேனாவால் டிக் அடிக்கிறார். கையிலிருந்து கட்டுபவர்களுக்கு அங்கே பல மருத்துவமனைகள் தள்ளுபடி தருவதுண்டு. லாப நோக்கமற்றவை பண உதவித் திட்டம் வைத்திருந்தே ஆக வேண்டும். அவர் போனில் பில்லிங் பெண்ணிடம் நிதானமாகச் சொல்கிறார்: "மேடம், ஒன் டைம் செட்டில்மென்ட் பண்ணிக்கலாமா?" வராக் கடன்காரர்கள் அவரிடம் கெஞ்சிய அதே வார்த்தை. அவர்களைவிட நன்றாகவே பேசுகிறார். கடைசியில் கட்டியது பாதிக்கும் குறைவு.

நோயே வராத வருடங்களும் உண்டு. அவருக்கு அதுதான் பெரிய துயரம். அக்டோபர் நெருங்க நெருங்க, கட்டிய பிரீமியம் வீணாகப் போகிறதே என்று முகம் வாடும். முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்பார்; அது பாலிசியில் கிடையாது. கண்ணாடி மாற்றலாமா என்றால் அதுவும் இல்லை. போன மாதம் ஈறு லேசாக வீங்கினபோதே போயிருக்கலாம் என்று பிட்ஸ்பர்க் கோயில் கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டபடி இன்னோர் ஆறு மாத அப்பாவிடம் அங்கலாய்ப்பார். அவரும் ஆமோதிப்பார், அவருடைய டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தருவதற்கு முன் கைக்காசாகக் கட்ட வேண்டியது, 500 டாலராம், இவருடையது 250.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு இருமல் வரும். மகன் பதறி, பக்கத்து அர்ஜன்ட் கேர் கிளினிக்குக்குக் காரை எடுப்பான். வரும் வழியெல்லாம் அவர் முகத்தில் தெரிவது திருப்தி.

"எவ்வளவுப்பா ஆச்சு?"

"இருநூத்திப் பத்து டாலர்ப்பா."

"இன்சூரன்ஸ் எவ்வளவு தருவான்?"

"டிடக்டிபிளுக்குள்ள அடங்கிடுச்சு. ஒண்ணும் தர மாட்டான்."

பின் ஸீட்டிலிருந்து அவர் மனைவி, "ஏங்க, இன்னும் நாப்பது டாலருக்கு இருமித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்கிறார்.