முந்நூறு மீட்டர் ஆழத்தில் மணி என்ன?

கடலுக்குள் முந்நூறு மீட்டர் ஆழத்தில் நின்றுகொண்டு மணி பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை நேர்ந்ததில்லை. இனியும் நேராது என்றே நம்புகிறேன். ஆனாலும் ஓய்வுபெற்ற கையோடு, "எனக்கென்று ஒரு நல்ல வாட்ச் வாங்கிக்கொள்ளப் போகிறேன்" என்று அறிவித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டே இரண்டு கடிகாரங்களைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று ரோலெக்ஸ் சப்மரீனர். மற்றது ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம். இரண்டும் ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்காகப் பிறந்தவை. இரண்டும் முந்நூறு மீட்டர் தாங்கும். நானோ குற்றாலத்திலேயே அருவிக்கு நேரே நிற்காமல் ஓரமாக ஒதுங்கிக் குளிப்பவன்.

வாட்ச்சைப் பணம் கொடுத்து வாங்குவது என் தலைமுறை ஆண்களுக்குப் பழக்கமில்லாத காரியம். பள்ளி இறுதித் தேர்வுக்கு அப்பா ஓர் எச்.எம்.டி. கட்டிவிட்டார். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் அது தேர்வு அறையில் நின்று பழிவாங்கும். கல்யாணத்தில் மாமனார் மோதிரத்தோடு ஒரு டைட்டன் போட்டார். ஓசூரில் செய்த வாட்ச், இன்றைக்கும் ஓடுகிறது. ஆக, நானாக ஆசைப்பட்டு வாங்கப்போகும் முதல் கைக்கடிகாரம் இதுதான். அதுவும், மாத்திரை வேளையைத் தவிர வேறெதற்கும் மணி பார்க்க வேண்டாத வயதில்.

அறிவிப்பு வெளியான மறுநாளே என் மச்சினன் வந்து இறங்கினான். மென்பொருள் கம்பெனியில் வேலை, மனசெல்லாம் சுவிட்சர்லாந்தில். "மாமா, சப்மரீனர் 1953லேர்ந்து வருது. வேற பேச்சே வேணாம்" என்று ஆரம்பித்தவன், அங்கிருந்து பின்னோக்கி நீந்தினான்.

ரோலெக்ஸை ஆரம்பித்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் ஜெர்மனியில் பிறந்து, லண்டனில் கடை போட்டு, பிறகு ஜெனீவாவுக்குப் போனவர். 1926இல் தண்ணீர் புகாத 'ஆய்ஸ்டர்' கூட்டைக் கொண்டுவந்தார். நம்புவாரில்லை. அந்தச் சமயத்தில் மெர்சிடஸ் கிளைட்ஸ் என்ற லண்டன் டைப்பிஸ்ட், இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். அதையும் சிலர் நம்பவில்லை. சரி, மறுபடி நீந்திக் காட்டுகிறேன் என்று 1927 அக்டோபர் குளிரில் அவர் இறங்கியபோது, வில்ஸ்டார்ஃப் அவர் கழுத்தில் ஓர் ஆய்ஸ்டரை மாட்டி அனுப்பினார். பத்து மணி நேரத்துக்கு மேல் போராடிய அந்தப் பெண்ணை மயங்கும் நிலையில் படகில் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லண்டன் பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்க விளம்பரம்! நீந்தியவர் கரை சேராவிட்டாலும் கட்டியது கரை சேரும் என்பதுதான் இந்தத் தொழிலின் மூலமந்திரம் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ஒமேகா மட்டும் என்ன, சாதாரணமா?" என்று எதிர்க்கட்சிக்கும் அவனே பேசினான். 1848இல் தொடங்கிய குடும்பம். 1932 முதல் ஒலிம்பிக்கில் நேரம் குறித்த கை. ஜேம்ஸ் பாண்ட் 1962இல் முதல் படத்தில் சப்மரீனர்தான் கட்டியிருந்தார். 1995இல் கட்சி மாறி சீமாஸ்டருக்கு வந்தவர், அதன்பின் தாவவே இல்லை. நம் ஊரில் இவ்வளவு கொள்கைப் பிடிப்பை எதிர்பார்க்க முடியாது.

வரலாறு போதும், எனக்கு என்ன உபயோகம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

முதலில் ஆழம். 1959இல் திறந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்த அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி உயரம். அதைப்போல் ஐந்தரைக் கட்டடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கடலில் இறக்கினால் முந்நூறு மீட்டர். பொழுதுபோக்காக ஸ்கூபா மூழ்குபவர்களுக்கு விதித்திருக்கும் எல்லையோ நாற்பது மீட்டர்தான். 2014இல் எகிப்தியரான அகமது கப்ர் செங்கடலில் 332 மீட்டர் இறங்கி உலக சாதனை செய்தார். ஆக, அவரைப்போல் ஒரு சிலருக்குத்தான் இந்த வாட்ச் போதாது. மற்ற அத்தனை பேருக்கும் அதிகம். எனக்கு ரொம்ப அதிகம். இவ்வளவு தாங்கும் வாட்ச்சை வாங்கிவிட்டு, கை கழுவும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன் என்பதில் என் மனைவிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அடுத்தது டயலைச் சுற்றியுள்ள வளையம். நீருக்குள் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்ப்பதற்கு. ஒரு பக்கமாக மட்டுமே திரும்பும். தப்பித்தவறி எங்காவது இடித்து நகர்ந்தாலும், மிச்சமிருக்கும் நேரத்தைக் குறைத்துக் காட்டுமே தவிரக் கூட்டிக் காட்டாது. மூழ்கியவரைச் சீக்கிரம் மேலே வரவைக்கும் ஏற்பாடு. அருமையான யோசனை. "கடல்ல இல்லேன்னா சமையலுக்கு வெச்சுக்கலாம் அக்கா, பத்து நிமிஷம், இருபது நிமிஷம்னு" என்றான் மச்சினன். என் மனைவி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். எங்கள் வீட்டுச் சமையல் நிமிடத்தில் நடப்பதில்லை, விசிலில் நடக்கிறது. பருப்புக்கு நாலு, உருளைக்கிழங்குக்கு மூன்று. விசில் எண்ணும் வாட்ச்சை சுவிஸ்காரன் இன்னும் செய்யவில்லை.

சீமாஸ்டரின் பக்கவாட்டில், பத்து மணிக்கு நேராக இன்னொரு திருகு இருக்கிறது. ஹீலியம் வெளியேறுவதற்காம். வாரக்கணக்கில் அழுத்த அறைக்குள் தங்கிக் கடலடியில் வேலை செய்பவர்கள் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். அந்த வாயு நைசாக வாட்ச்சுக்குள் நுழைந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கும்போது வழி இல்லாவிட்டால் கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். சப்மரீனருக்கு இந்த வசதி இல்லை. நான் ஹீலியத்தைச் சந்தித்ததெல்லாம் பேரனின் பிறந்தநாள் பலூனில். எனினும், உள்ளே புகுந்த வாயு வெளியேற வழி வேண்டும் என்ற கொள்கை எனக்கு இந்த வயதில் மிகவும் ஏற்புடையதே.

காந்தத்திலும் ஒமேகாவே முன்னால் நிற்கிறது. 15,000 காஸ் வரை தாங்குமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15,000 காஸ் என்பது ஒன்றரை டெஸ்லா. அதாவது ஸ்கேன் சென்டர் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பலம். நான் போகக்கூடிய இடம்தான். ஆனால் அங்கே அரைஞாண் கயிற்றின் வெள்ளி முடிச்சைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்; வாட்ச்சையா கட்டிக்கொள்ள விடுவார்கள்?

போகட்டும், நேரமாவது சரியாகக் காட்டுமா? சப்மரீனர் நாளொன்றுக்கு இரண்டு வினாடி முன்பின் போகலாம். சீமாஸ்டர் ஐந்து வினாடி வரை முந்தலாம், பிந்தக் கூடாது. ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ, மாதத்துக்கே முப்பது வினாடிதான் தவறும். காரணம் எளிது. அதனுள் இருக்கும் குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ரோலெக்ஸ் எட்டு முறையும் ஒமேகா ஏழு முறையும் துடிக்கின்றன. "நிதானமா துடிக்கிறதுக்குத்தான் மாமா காசு" என்றான் மச்சினன். இதய டாக்டரும் என்னிடம் இதையேதான் சொல்லிக் காசு வாங்கினார்.

உருப்படியாக எனக்குப் பயன்படக்கூடியது என்று ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்தேன். தேதி போட்ட சப்மரீனரில் அந்தத் தேதிக்கு மேல் ஒரு குட்டிப் பூதக்கண்ணாடி ஒட்டியிருக்கிறது. சாளேசரம் வந்தவனுக்கு அது தெய்வ சங்கல்பம். ஆழ்கடல் வீரர்களுக்கென்று செய்த கருவியில், மூக்குக்கண்ணாடியைத் தேடும் கிழவனையும் நினைத்துப் பார்த்த புண்ணியவானை வாழ்த்தினேன். தராசு ரோலெக்ஸ் பக்கம் சாய்ந்தது.

சாய்ந்த தராசை நிமிர்த்தியது கடை. சப்மரீனரைக் காசு கொடுத்தால் உடனே வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். உலகெங்கும் அதற்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பார்வைக்கு மட்டும். நான் போன கடையில் ஓர் இளைஞர் காபி கொடுத்து, உத்தியோகம் என்ன, எங்கே வீடு, எதற்காக வாங்குகிறீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார். வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களிடம் காலமெல்லாம் நான் கேட்ட கேள்விகள் அத்தனையும், பணம் கொடுக்க வந்த என்னிடம் திரும்பி வந்தன. எப்போது கிடைக்கும் என்றேன். சொல்ல முடியாது என்றார். பஜாஜ் சேத்தக்குக்கும் டெலிபோனுக்கும் எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை நாங்கள். அதற்கு 'தட்டுப்பாடு' என்று பெயர். இப்போது 'கௌரவம்' என்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க சார், மேனேஜர்கிட்ட பேசலாம்" என்றார்.

"ஞாயிறு நாலரை–ஆறு ராகுகாலம்" என்றாள் என் மனைவி, எந்த வாட்ச்சையும் பார்க்காமல்.

வெளியே வந்ததும் மச்சினன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "இது செலவு இல்ல மாமா, முதலீடு. ரோலெக்ஸ் விலை இறங்காது. அதோட, கம்பெனிக்கு முதலாளியே ஓர் அறக்கட்டளைதான். ஒரு வகையில தர்மம்."

என் மனைவிக்கு எல்லா நாட்டுச் செலாவணியும் பவுனில்தான் புரியும். சப்மரீனர் பத்து லட்சத்தைத் தொடும், சீமாஸ்டர் ஆறு லட்சத்தை ஒட்டி வரும் என்று கேட்டதும் மனக்கணக்குப் போட்டாள். "எட்டு பத்து பவுன்! முதலீடுன்னா லாக்கர்ல இருக்கணும்டா. கையில கட்டிட்டு 29சி பஸ்ல தொங்கிட்டுப் போறதா முதலீடு? அது சரி, இதுக்கு சர்வீஸ் எல்லாம் உண்டா?"

"சில வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சு சுத்தம் பண்ணி எண்ணெய் போடணும் அக்கா. பத்தாயிரக் கணக்குல ஆகும்."

"எங்க அம்மா போட்ட வளையலை நான் இதுவரைக்கும் சர்வீஸுக்கு விட்டதில்லை" என்றாள். அத்தோடு முதலீட்டு வாதம் முடிந்தது.

பேருந்து என்றதும் எனக்கு வேறொரு பயம் வந்தது. 2022இல் 'விக்ரம்' படத்தில் சூர்யா ரோலெக்ஸ் என்ற பெயரில் வந்து இறங்கியபின், தமிழ்நாட்டில் அந்தப் பெயர் தெரியாத குழந்தை கிடையாது. கமல்ஹாசனே சூர்யாவுக்கு ஒரு ரோலெக்ஸ் வாட்ச்சைப் பரிசளித்தார். அப்பேர்ப்பட்ட பெயரைக் கையில் கட்டிக்கொண்டு கதர்ச் சட்டையும் ரப்பர் செருப்புமாக நான் ஏறினால், பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து பார்த்து, "பர்மா பஜாரா சார்? எவ்வளவு சொன்னான்?" என்பார். பத்து லட்சம் என்று உண்மையைச் சொன்னால் பைத்தியம். ஐந்நூறு என்று பொய் சொன்னால், "ஏமாந்துட்டீங்க, முந்நூறுக்குக் கேட்டிருக்கலாம்" என்பார்.

ஒமேகாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. சோதித்துப் பார்க்க எதிர்வீட்டுக்காரரிடம், "ஒமேகா வாங்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

"மூணா?" என்றார். "டாக்டர் எனக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க."

அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். சீமாஸ்டரை வாங்கினேன். மிச்சமான பணம் மறுநாள், ராகுகாலம் எமகண்டம் கழித்து, இரண்டு வளையல்களாக மாறியது. என் வாட்ச்சை என் மனைவி இன்றுவரை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் நல்ல வாட்ச் என்று உறவினர்களிடம் சொல்லிவருகிறாள்.

ஆகவே, முதன்முதலாக இந்த வகைக் கடிகாரம் வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு என் தீர்ப்பு இது. ஆழம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஐந்து வருட வாரண்டியும் ஒன்றுதான். பொறுமையும் சாளேசரமும், நாளைக்கு விற்றுக் காசாக்கும் எண்ணமும் உள்ளவர்கள் சப்மரீனருக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். பணம் கொடுத்த அன்றே பொருள் கைக்கு வர வேண்டும், யாரும் விலை கேட்கக் கூடாது என்பவர்களுக்கு சீமாஸ்டர். எதுவானாலும் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குங்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் பான் அட்டை கேட்பார்கள். கையோடு கொண்டு போங்கள். செயினை அளவெடுத்துச் சுருக்கும்போது கழற்றும் கண்ணிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2022 டிசம்பரில் ஓர் அரசியல் தலைவர் கட்டியிருந்த ரஃபேல் வாட்ச்சுக்கு ரசீது எங்கே என்று அமைச்சர் ஒருவர் கேட்க, அடுத்த ஏப்ரலில் பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்து ரசீது காட்ட வேண்டியிருந்தது. முந்நூறு மீட்டர் ஆழத்தில் உங்களை யாரும் மணி கேட்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் தரைமட்டத்திலேயே ரசீது கேட்பார்கள்.