தீர்மானம் கொள்ளாம்!

2021 செப்டம்பர் 8 அன்று, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கொள்ளாம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்காரர்கள் 2019 டிசம்பர் 31-லேயே போட்டுவிட்டார்கள். நம்மவர்கள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிந்தினாலும் முழக்கத்தில் குறை வைக்கவில்லை. பழவிளை முகாமில் அது கேட்டதா என்று மட்டும் கேட்காதீரும்வே.

பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை என்று எங்கள் மாவட்டத்தில் நாலு முகாம். 1983-க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்து வந்த ஈழத் தமிழர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் அந்தப் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்திருந்தாலும், தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாக இல்லாவிட்டால் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது. கடலையே தாண்டாத பிள்ளைக்கும் 'சட்டவிரோதக் குடியேறி' என்றே பட்டம். எந்த எல்லையைத் தாண்டினாள் என்று கேட்டால், தாய் வயிற்றைத் தவிர அவள் எதைக் காட்டுவாள்?

டெல்லியின் தயாள குணத்தைச் சொல்லி மாளாது. மூன்று நாடு, ஆறு மதம், 2014 டிசம்பர் 31 வரை வந்தவர்களுக்குக் கதவு திறப்பு. முஸ்லிமுக்கு இல்லை, சரி, அது அவர்கள் கொள்கை. ஆனால் விபூதி பூசிக்கொண்டு வந்த யாழ்ப்பாணத்து இந்துவுமா கண்ணில் படவில்லை? டெல்லியின் வரைபடத்தில் காபூல் பக்கம், கொழும்பு தூரம். மாநிலங்களவையில் அந்த மசோதா 125-க்கு 105 என்று தேறியது. நம்மூர் அதிமுகவும் பாமகவும் மாற்றி வாக்களித்திருந்தால் அன்றைக்கே கவிழ்ந்திருக்கும். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் உருகுவதற்கும் வாக்களிக்கும் விரலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

2024 மார்ச் 11-ல் விதிகள் வந்தன. தமிழ்நாட்டில் கால்வைக்க விடமாட்டோம் என்றது கோட்டை. டெல்லி சண்டைக்கே வரவில்லை. மனு இணையவழி, மாநிலக் குழுவுக்குத் தலைவர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநர், மாவட்டக் குழுவுக்குத் தலைவர் தபால் துறைக் கண்காணிப்பாளர் என்று எழுதிவிட்டது. மணியார்டர் கொடுக்கும் துறையே இனி மனிதனுக்கு நாடும் கொடுக்கும். கலெக்டர் ஆபீசின் பிரதிநிதி வெறும் அழைப்பாளர். கல்யாண வீட்டில் பந்திக்கு மட்டும் கூப்பிட்ட ஆள் மாதிரி, சாப்பிடலாம், சம்பந்தம் பேச முடியாது.

அமெரிக்காவில் நகர மேயர்கள் சிலர், எங்கள் போலீஸ் எவனிடமும் விசா கேட்காது என்று ட்ரம்பிடம் முறைக்கிறார்கள். உள்ளூர் போலீசை மத்திய அரசு வேலை வாங்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொன்ன தைரியம். அதற்கும் விலை உண்டு. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் தேசியக் காவல் படை இறங்கியது. இங்கே கதை தலைகீழ். அந்நியரைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 1958-லேயே டெல்லி மாநிலங்களின் கையில் கொடுத்துவிட்டது. முகாமில் தலையெண்ணும் செக்கிங் யாருடையது? நம் வருவாய்த் துறையுடையது. நிழல்போலத் தொடரும் க்யூ பிராஞ்ச்? நம் போலீஸ். வெளியூரில் நாலு நாள் தங்க அனுமதி கேட்டு நிற்பது நம் அதிகாரி முன்னால்தான். எதிர்க்கிற கையும் பிடிக்கிற கையும் ஒரே உடம்பில்.

2021 ஆகஸ்டில் அகதி முகாம் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. குடும்பத் தலைவருக்குப் பணக்கொடை மாதம் 1,500 ரூபாய் ஆனது, புதுவீடுகளும் எழுந்தன. அதையும் கொள்ளாம் என்றே சொல்வோம். பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்தவர்கள் செக்கிங் நோட்டை மட்டும் தொடவில்லை.

அதைத் தொடப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1991 ஜனவரி 30-ல் கருணாநிதி ஆட்சியைக் கலைத்தபோது சொன்ன காரணங்களில் புலிகளும் இருந்தார்கள். நாற்காலி போகும் என்பது கண்ட பாடம். ஆனால் தலைவர்களின் வீரத்துக்கும் பயத்துக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறவன் முகாம்காரன்.

கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களில் பலர் 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தார். அதே மலையகத்து ஆட்கள் கலவரத்துக்குத் தப்பி வந்து முகாமில் கிடக்கிறார்கள். கப்பலில் வந்தவன் குடிமகன், வள்ளத்தில் வந்தவன் குற்றவாளி. 2025 செப்டம்பரில் டெல்லி இன்னொரு கருணை காட்டியது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்கு வராது. ஜெயிலும் இல்லை, நாடும் இல்லை.

சரி, சட்டம் டெல்லியுடையது என்றே வைப்போம். திருச்சி சிறப்பு முகாம்? ராஜீவ் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தனை, சிறைவாசல் தாண்டிய கையோடு அங்கே கொண்டுபோய் அடைத்தது நம் மாநில அரசுதான். 2024 பிப்ரவரி 28-ல், யாழ்ப்பாணத்தில் தாய் காத்திருக்க, சென்னை ஆஸ்பத்திரியில் அவர் செத்தார். அந்த முகாமைப் பூட்டவும் செக்கிங்கை நிறுத்தவும் கோட்டையில் ஒரு செயலரின் கையெழுத்துப் போதும். குறுக்கே ஆளுநரும் இல்லை, அமித் ஷாவும் இல்லை. பிறகு எந்தச் சவத்துக்குவே இந்தத் தாமதம்?