வெள்ளாற்றங்கரைப் பேய் நிருபர்

தமிழ் நாளிதழ்களில் எந்த நிர்வாகமும் நியமன ஆணை வழங்காத, எனினும் வட்டாரத்துக்கு ஒருவரேனும் தவறாமல் வகித்துவரும் பதவி ஒன்று உண்டு. வசதி கருதி அதைப் பேய் நிருபர் என்று அழைக்கலாம். உள்ளூர்ச் செய்திகளை அனுப்பிச் சிறு சன்மானமும், திரட்டித் தரும் விளம்பரங்களுக்குக் கமிஷனும் பெறுகிற பகுதிநேர நிருபர்களுள், இரவில் தெரியும் மர்ம வெளிச்சம், கூரைமேல் விழும் கல், தானே பற்றிக்கொள்ளும் வைக்கோற்போர், ஒற்றைப் புளியமரத்து மோகினி ஆகியவற்றில் தனித்தேர்ச்சி பெற்றவரையே இப்பெயர் குறிக்கும். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தைச் சேர்ந்த லப்பைக்குடிக்காடு இவ்வகையினரை ஆராய ஏற்ற களம் என்பதற்கு அதன் அமைவிடமே காரணம். ஊர் வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிறது. எதிர்க்கரையிலுள்ள திட்டக்குடி கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே ஆற்றுப்படுகையில் தோன்றும் எந்த அமானுஷ்யமும் சற்றே நகர்ந்தால் மாவட்டம் மாறிவிடுகிறது, மாவட்டம் மாறினால் நாளிதழின் பதிப்பும் மாறிவிடுகிறது.

பகலில் இவரை அடையாளம் காண்பது எளிதன்று. சன்மானத்தை நம்பி அடுப்பு எரியாது என்பதால் ஆயுள் காப்பீட்டு முகவராகவோ, பத்திரப் பதிவுக்கு ஆள் கூட்டிச் செல்பவராகவோ அவர் நடமாடுவார். மரணத்துக்கு முந்திய ஏற்பாடுகளைப் பகலிலும் பிந்திய நடவடிக்கைகளை இரவிலும் கவனிக்கும் இந்த இரட்டைப் பணியில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரிவதில்லை. இருசக்கர வாகனத்தின் முன்புறம் ‘பிரஸ்’ என்ற எழுத்து இருக்கும், பின்புறமும் இருக்கும், தலைக்கவசம் இருப்பது உறுதியன்று.

இலக்கிய மரபில் இவருக்கு முன்னோர் உண்டா என்ற வினாவுக்கு, தினமணியில் பணியாற்றிய புதுமைப்பித்தனிடம் பாதி விடை கிடைக்கிறது. 1943இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சிறுகதையில், சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை சென்னைத் தெருமுனையில் கடவுளையே சந்திக்கிறார். சந்தித்தும் மெய்சிலிர்த்து நிற்காமல் அவரைத் தமது பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரர் ஆக்கிக்கொள்ளப் பார்க்கிறார். அமானுஷ்யத்தின் முன் நிதானம் இழக்காத இந்த வணிகத் தெளிவைப் பேய் நிருபர் அங்கிருந்தே பெற்றிருக்க வேண்டும். மர்மத்தை ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது என்னும் பாடத்தையோ, 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் இதழ்தோறும் முருங்கை மரத்துக்கே திரும்பிப் போன வேதாளம் கற்பித்தது.

இவர் ஏன் பேயைத் தேர்ந்துகொண்டார் என்பதே இங்கு முதன்மையான வினா. மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துவிடுவது இவருக்கு இழைக்கும் அநீதியாகும். நடுநிசியில் தனியாகச் சுடுகாட்டுப் பாதையில் வண்டி ஓட்டிவரும் இவர் பேயை நம்புபவராக இருக்க முடியாது. சிறு ஊரில் மனிதர்களைப் பற்றிச் செய்தி எழுதுவது கடினமான தொழில் என்பதே உண்மையான காரணம். சாலை போட்ட மறுமாதமே ஜல்லி பெயர்ந்ததை எழுதினால், ஒப்பந்தக்காரர் பொங்கல் வாழ்த்து விளம்பரத்தை நிறுத்திவிடுகிறார். ரேஷன் கடை எடைக்கல்லைப் பற்றி எழுதினால், அதே கடையில் மறுநாள் வரிசையில் நிற்க வேண்டியவர் நிருபரின் மனைவி. கட்சிக்காரர் பெயரை இரண்டாவதாகப் போட்டால் முதலாவதாக வர வேண்டியவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். பேயோ மறுப்பு அனுப்புவதில்லை. மறுப்பு என்பது, வெளியான செய்தி தவறென்று சம்பந்தப்பட்டவர் ஆசிரியருக்கு எழுதும் கடிதம். பத்திரிகை அலுவலகத்திலிருந்து வரும் எந்த அழைப்பைவிடவும் நிருபர் அஞ்சுவது அதற்குத்தான். வட்டாரத்திலேயே விளம்பரம் தராத, வக்கீல் நோட்டீஸ் விடாத, மாமன் மச்சான் உறவுக்குள் வராத ஒரே குடிமகன் பேய் மட்டுமே என்பதைக் கண்டறிந்த நாளிலிருந்து இவரது தொழில் நிம்மதியாக நடக்கிறது.

இந்த நிம்மதியிலும் சட்டம் ஒரு சிறு முள்ளை வைத்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 499ஆம் பிரிவின் முதல் விளக்கத்தில், குடும்பத்தார் மனம் புண்படும் நோக்குடன் இறந்தவரின் பெயரைக் கெடுப்பதும் அவதூறாகலாம் என்று கூறியது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 356ஆம் பிரிவில் அதையே பேணுகிறது. எனவே, பேய்க்கும் மானம் உண்டு. அதனால்தான் இவரது செய்திகளில் பேய்க்குப் பெயர், தெரு, தகப்பனார் எதுவும் இராது. ‘சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் உயிரிழந்த பெண்’ என்ற அளவில் அது நின்றுவிடும்.

பெயரிடுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் தென்கரையில், படுகையில் அசையும் வெளிச்சத்தை ஜின் என்பார்கள். இஸ்லாமிய நம்பிக்கைப்படி அது புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்டுக் கண்ணுக்குப் புலப்படாமல் வாழும் படைப்பு. அதே வெளிச்சம் வடகரையில் கொள்ளிவாய்ப் பிசாசு, அதாவது வாயில் தீக்கொள்ளியை வைத்துக்கொண்டு அலையும் பிசாசு. இங்கே ஓதிப் பார்க்க வேண்டும், அங்கே வேப்பிலை அடிக்க வேண்டும். இரு கரையிலும் பத்திரிகை விற்க வேண்டியிருப்பதால் நிருபர் ‘மர்ம உருவம்’ என்று எழுதுகிறார். இந்தியாவின் மதச்சார்பின்மைக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டை அரசியல் அறிஞர்களும் காட்டியதில்லை.

அடுத்த இடர், படம். இரவு எட்டரை மணிக்கு உதவி ஆசிரியர் கேட்பார்: “பேய் சரிண்ணே, படம் இருக்கா?” தமிழ் நாளிதழ்கள் இதற்கென்றே வளர்த்தெடுத்த கலைவடிவம், விரல் நீட்டும் படமாகும். உடைந்த குழாய், இடிந்த மதகு, விரிசல் விட்ட சுவர் என எதையும் ஊர்க்காரர் ஒருவர் கடுத்த முகத்துடன் சுட்டிக்காட்டி நிற்பார். பேய்ச் செய்தியில் அந்த விரல் வெறும் புளியமரத்தை நோக்கி நீளும் என்பதொன்றே வேறுபாடு. செய்தி அச்சேறுமுன்பே படம் வாட்ஸாப்பில் துபாய்க்கும் சவூதிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கு வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் பேயைத் தேடாமல், பின்னணியில் தெரிவது யார் வீட்டுத் திண்ணை என்று விவாதிப்பார்கள்.

இவருக்கு வாழ்வில் மனக்கசப்பைத் தந்தது அறிவியலே. 2020 அக்டோபரில் குன்னத்தில் மண் எடுத்த இடத்தில் உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டபோது, அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது. சில நாள்களுக்குள் புவியியலாளர்கள், அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரியைச் சுற்றிப் படிவு இறுகி உருவான உருண்டைகள் அவை என்று விளக்கிவிட்டனர். முட்டை மறுப்பு அனுப்பாது என்று நம்பியிருந்தவருக்கு, முட்டையின் சார்பில் பேராசிரியர்கள் மறுப்புத் தெரிவித்தது பெரும் துரோகமாகப் பட்டது. இப்பகுதி ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்பதும், அந்த உயிரினம் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தது என்பதும் எந்த மோகினியையும்விட வியப்புக்குரியவை என்று எடுத்துச் சொல்வோரிடம் இவர் உடன்படுவதில்லை. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டருக்கு மேல் நீளும் சாத்தனூர்க் கல்மரம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளாக அது அதே இடத்தில் கிடப்பதால், இவரது அளவுகோலின்படி அது செய்தி ஆகாது.

வெள்ளாற்றின் மர்ம வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அது எதன் வெளிச்சம் என்பது இவருக்கு நன்றாகத் தெரியும். மணல் இருக்கும் ஆற்றில் இரவில் வெளிச்சம் அசைந்தால், அதற்குப் பின்னால் சக்கரங்களும் அசையும். அதை எழுதினால் என்ன வரும் என்பதும் தெரியும். எனவே ‘மர்ம வெளிச்சத்தால் பொதுமக்கள் பீதி’ என்று எழுதி, இருட்டிய பிறகு யாரும் ஆற்றுப்பக்கம் போகாதபடி செய்து, அறியாமலே சிலருக்குப் பேருதவி புரிகிறார். அறியாமலே என்பது மரியாதைக்காகச் சேர்த்த சொல். வெளிச்சம் நடுப்படுகையைக் கடந்துவிட்டால் எல்லை மீறக் கூடாது என்ற தொழில் ஒழுக்கப்படி, திட்டக்குடி நிருபரை உடனே கைபேசியில் அழைத்து, “அண்ணே, உங்க பக்கம் வந்துருச்சு, பாத்துக்கங்க” என்று முறைப்படி ஒப்படைப்பார்.

“இன்னைக்கு மந்திரி நிகழ்ச்சி தம்பி, பக்கத்துல இடமே இல்ல” என்று பதில் வரும். “நாளைக்கு வரச் சொல்லுங்க.”