ஆற்றில் சாக்கடை விட்டுக் கணக்கும் காட்டுவது எப்படி?

இங்கிலாந்தில் தண்ணீர் நிறுவனம் ஒன்றில் அதிகாரியாகச் சேர்ந்திருக்கிறீர்களா? வாழ்த்துகள். 1989இல் தனியார் கைக்குப் போன தொழில் இது. வீட்டுக்குள் போகும் தண்ணீருக்கும் காசு, அதுவே கழிவாகித் திரும்பி வந்தால் அதற்கும் காசு. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவும் முடியாது. ஒரே ஒரு சங்கடம்: அந்தக் கழிவு அவ்வப்போது ஆற்றுக்குள் போய்விடும். எப்போது போனது என்று கண்காணித்துக் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். பயப்படாதீர்கள். கொஞ்சம் பழகினால் கை வந்துவிடும்.

பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். கக்கூஸிலிருந்து வந்ததை ஆற்றில் விட்டோம் என்று எந்தக் காகிதத்திலும் எழுதக் கூடாது. 'ஸ்டார்ம் ஓவர்ஃப்ளோ' என்று எழுதுங்கள். பழி வானத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் பாதி உண்மையும் இருப்பதுதான் இந்தப் பெயரின் அழகு. பழைய ஊர்களில் கூரையில் விழும் மழைநீரும் வீட்டுச் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பினால் உள்ளே இருப்பது வீடுகளுக்குள்ளேயே எதிர்த்துக் கிளம்பும். அதற்கு ஆற்றுக்கே போகட்டும் என்று விக்டோரியா ராணி காலத்திலிருந்தே குழாய்களுக்கு ஒரு வழிவாய் வைத்தார்கள். இங்கிலாந்தில் மட்டும் இன்று 14,000க்கு மேற்பட்ட வழிவாய்கள் இருக்கின்றன. கனமழைக்கென்று வைத்தது, நாளாவட்டத்தில் தூறலுக்கும் திறக்கப் பழகிவிட்டது.

கருவிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 2023 முடிவதற்குள் எல்லா வழிவாய்களிலும் மாட்டியாகிவிட்டது. 'ஈவன்ட் டியூரேஷன் மானிட்டர்' என்று பெயர். எப்போது வழிய ஆரம்பித்தது, எப்போது நின்றது, அவ்வளவுதான் சொல்லும். எவ்வளவு வழிந்தது, அதில் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் வராது. கல்யாண வீட்டில் பந்தி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று குறித்துக்கொண்டு, எத்தனை இலை விழுந்தது என்பதை விட்டுவிடும் கணக்குப்பிள்ளை. உங்களுக்கு இவனைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டான். வருஷத்தில் எத்தனை சதவீத நேரம் கருவி உயிரோடு இருந்தது என்றும் ஆண்டறிக்கையில் எழுத வேண்டியிருக்கும். 90க்குக் கீழே இறங்கினால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்துக்கா பஞ்சம்?

இனிமேல்தான் பாடம். 12/24 என்று ஒரு விதி இருக்கிறது. தொழிலின் சூட்சுமமே அதில்தான். வழியத் தொடங்கிய முதல் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று போட வேண்டும். அந்த நேரத்துக்குள் ஐந்தே நிமிஷம் வழிந்தாலும் ஒன்று. விட்டு விட்டுப் பத்து முறை வழிந்தாலும் ஒன்று. மூச்சு விடாமல் 12 மணி நேரமும் கொட்டினாலும் அதே ஒன்று. அதற்குப் பிறகு வழியும் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் இன்னொன்று கூட்டிக்கொண்டே போகலாம். 24 மணி நேரம் சொட்டுக்கூட விழாவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

ஒரு பயிற்சி. முதல் ஊரில் வாரம் ஒருமுறை கால் மணி நேரமாக எட்டு வாரம் வழிந்தது. மொத்தம் 2 மணி நேரம். அடுத்த ஊரில் ஒரு வாரம் நிற்கவே இல்லை. 168 மணி நேரம். எத்தனை தடவை? முதல் ஊருக்கு எட்டு. அடுத்த ஊருக்கு, முதல் 12 மணி நேரத்துக்கு ஒன்று, மிச்சம் 156ஐ 24ஆல் வகுத்தால் ஆறரை, முழுசாக்கினால் ஏழு. ஆக அதுவும் எட்டு! பட்டியலில் இரண்டு ஊர்களும் அண்ணன் தம்பி மாதிரி தோளோடு தோள் நிற்கும்.

மணிக்கணக்கையும் பக்கத்திலேயே வெளியிட்டாக வேண்டும்தான். ஆனால் முதல் வரியில் எதைச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். இங்கிலாந்து முழுக்க 2023இல் 4,64,056 தடவை, 2024இல் 4,50,398 தடவை. கிட்டத்தட்ட 3% குறைந்துவிட்டது, பாருங்கள்! அதே சமயம் வழிந்த நேரம் 36.06 லட்சம் மணியிலிருந்து 36.14 லட்சமாக ஏறியிருக்கிறது. அதை யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். (எல்லா வழிவாய்களின் நேரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் 400 வருஷத்தைத் தாண்டும். இது உங்கள் காதுக்கு மட்டும்.)

மழையில்லாத நாளில் திறந்துவிட்டால் அது குற்றம். மழையில்லாத நாள் என்றால் அன்றும் அதற்கு முந்தைய 24 மணி நேரத்திலும் 0.25 மில்லிமீட்டருக்கு மேல் பெய்திருக்கக் கூடாது. இங்கிலாந்து வானத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது ஓய்வுபெற்றவர்களைப் பற்றி. விண்ட்ரஷ் ஆற்றங்கரையில் அப்படி ஒரு பேராசிரியர். பொழுது போகாமல் தோட்டம் போட்டிருக்கலாம், செய்யவில்லை. சுத்திகரிப்பு நிலையங்களின் நீரோட்டப் பதிவுகளைக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அவரும் கூட்டாளிகளும் 2021இல் வெளியிட்ட கட்டுரைப்படி, இரண்டே நிலையங்களில், 2009க்கும் 2020க்கும் இடையில், நிறுவனம் சொல்லாமலே கழிவுநீர் வழிந்திருக்கக்கூடிய நாட்கள் 926.

அப்படியே மாட்டிக்கொண்டால்? அதே 2021இல் சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கு, 6,971 சட்டவிரோத வெளியேற்றங்களுக்காக, 9 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. ஒன்றுக்குச் சுமார் 12,900 பவுண்டு. இதை விலைப்பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள்.

2025 தொடக்கத்திலிருந்து, வழிய ஆரம்பித்த ஒரு மணி நேரத்துக்குள் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. வழிவதை நிறுத்து என்று கேட்டவர்களுக்கு, வழிவதை உடனுக்குடன் பார்த்துக்கொள்ளும் வசதி கிடைத்திருக்கிறது.

தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கருவி சொல்லாதல்லவா? அதற்கு மனித உடம்பு உண்டு. தேம்ஸ் நதியில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் படகுப் போட்டியில், ஜெயித்த அணி தன் சுக்கான்காரரைத் தூக்கி ஆற்றில் எறிவது வழக்கம். 2024இல் தண்ணீரில் ஈ-கோலை கிருமி ஏகத்துக்கு இருந்ததால் அது வேண்டாம் என்றார்கள். துடுப்புப் போடுகிறவர்களுக்கும் அறிவுரை வந்தது: காயம் இருந்தால் நீர் புகாதபடி கட்டிக்கொள்ளவும், தெறிக்கும் தண்ணீரை விழுங்க வேண்டாம்.